பாலியெஸ்டரா, வினைல் எஸ்டரா, எபாக்ஸியா? கார் பாடியும் படகும் செய்ற சின்ன ஷெட்டுக்கு எந்த ரெசின் வாங்கணும்

சின்ன ஷெட்ல தனியாவோ ரெண்டு மூணு பேர வச்சோ ஃபைபர் வேலை பாக்குறவங்க அடிக்கடி கேக்குறது இதுதான்: இப்ப ஒரு கார் பானெட்டும் பம்பரும் கையில இருக்கு, அடுத்து ஒரு சின்ன படகு வருது, ஒரே ரெசின வாங்கி ரெண்டுக்கும் ஓட்டிடலாமா, தனித்தனியா வாங்கணுமா, இல்ல எபாக்ஸிதான் பெஸ்ட்னு எல்லாரும் சொல்றாங்களே, மொத்தமா அதுக்கே மாறிடலாமா?

பதில முதல்லயே சொல்லிடறேன், காரணம் பின்னாடி வரும். ஷெட்டுல தினமும் ஓடுற ரெசின் ஐசோ பாலியெஸ்டரா இருக்கட்டும் (பாலியெஸ்டர்ல சாதா ஆர்த்தோ, அத விட ஒரு படி மேல ஐசோன்னு ரெண்டு வகை உண்டு). தண்ணிக்குள்ளயே கிடக்கப்போற படகுக்கு, ஜெல்கோட்டுக்கு (மோல்டுல முதல்ல அடிக்கிற வெளிப்பூச்சு) அடுத்த முதல் லேயர் வினைல் எஸ்டர்ல போடுங்க. மரம், தெர்மாகோல், இரும்பு, பழைய பார்ட் ரிப்பேர், இதுக்கெல்லாம் எபாக்ஸி. எந்த ரெசின் உசத்தின்னு தேடுறத விட்டுட்டு எந்த இடத்துக்கு எதுன்னு பாத்தா செலவும் குறையும், செஞ்சு குடுத்த வேலை திரும்பி வாசலுக்கு வர்றதும் குறையும்.

## எத வச்சு முடிவு பண்றது

டிரம் விலைய மட்டும் பாத்து முடிவு பண்றவங்கதான் ஜாஸ்தி. விலை முக்கியம்தான், ஆனா அது கடைசியா பாக்க வேண்டியது. அதுக்கு முன்னாடி இதெல்லாம் பாக்கணும்.

தண்ணி. பார்ட் தண்ணியிலயே கிடக்குமா, அப்பப்ப நனைஞ்சு காயுமா, மழை மட்டும் படுமா? மூணும் மூணு விதமான வேலை.

சூடு. வெயில்ல நிக்கிற கறுப்பு பானெட்டோட மேல்பரப்பு 70, 80 டிகிரி வரைக்கும் போகும், கீழ இன்ஜின் சூடு வேற. வெள்ளைப் படகுக்கு இந்தத் தொல்லை ரொம்பக் கம்மி.

சுருக்கம். ரெசின் இறுகும்போது சுருங்கும். பாலியெஸ்டரும் வினைல் எஸ்டரும் கன அளவுல 8 சதவீதம் வரைக்கும் சுருங்கும், எபாக்ஸி 2 சதவீதம் கிட்டதான். கார் பாடிக்கு வெளிச்சம் பட்டா அலை தெரியக்கூடாது, கதவு இடைவெளி ஒரே மாதிரி வரணும், அதனால இங்க சுருக்கம் பெரிய விஷயம்.

ஒட்டு. ரெசின் எது மேல உக்காரப்போகுது? புது மோல்டுக்குள்ள ஜெல்கோட் மேலயா, பிளைவுட் மேலயா, பத்து வருஷப் பழைய ஃபைபர் மேலயா?

கூட வர்ற சாமான். சில ரெசினுக்கு சில மேட்டுதான் (கண்ணாடி நார் விரிப்பு) செட் ஆகும், சில ஜெல்கோட்தான் ஒட்டும். தனியா பில்லுல வராத செலவு பாதி இங்கதான் ஒளிஞ்சிருக்கு.

உடம்பு. இதப் பத்தி தனியா கீழ எழுதியிருக்கேன், அத விட்டுட்டுப் போகாதீங்க.

## ஒரே பார்வையில

| | பாலியெஸ்டர் | வினைல் எஸ்டர் | எபாக்ஸி |
|---|---|---|---|
| விலை | மூணுல கம்மி | நடுவுல | மூணுல ஜாஸ்தி |
| தண்ணிக்குள்ள நிரந்தரமா | ஆர்த்தோ வேணாம், ஐசோ பரவால்ல | ரொம்ப நல்லது | ரொம்ப நல்லது |
| சூடு | ஆர்த்தோ சுமார், ஐசோ நல்லது | நல்லது | சூட்டுல பதப்படுத்தினா நல்லது, இல்லன்னா இளகும் |
| சுருக்கம் | ஜாஸ்தி | ஜாஸ்தி | கம்மி |
| மரம், இரும்பு மேல ஒட்டு | மோசம் | சுமார் | பிரமாதம் |
| சாதா மேட்டோட | நல்லா போகும் | நல்லா போகும் | பெரும்பாலும் போகாது |
| கேட்டலிஸ்ட் (ரெசின இறுக வைக்கிற திரவம், எபாக்ஸிக்கு ஹார்ட்னர்) அளவு | 1–2 சதவீதத்துக்குள்ள கூட்டிக் குறைக்கலாம் | கூட்டிக் குறைக்கலாம், வகை பாத்து | கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது |
| வச்சிருக்கிற காலம் | சுமார் 6 மாசம் | 3–6 மாசம் | ஒரு வருஷம், அதுக்கு மேலயும் |

## பாலியெஸ்டர்

1953ல வந்த செவர்லே கார்வெட் பாடி பாலியெஸ்டர் ஃபைபர்தான், முதல் வருஷம் 300 கார் செஞ்சாங்க. அன்னிலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் சின்ன ஷெட்டோட அடிப்படை இந்த ரெசின்தான், அதுக்கு விலை மட்டும் காரணம் இல்ல. கேட்டலிஸ்ட்ட லேசா கூட்டிக் குறைச்சு வேலை நேரத்த நம்ம கைக்குள்ள வச்சுக்கலாம், சாதா சிஎஸ்எம் மேட் (துண்டு நார பசை போட்டு ஒட்டின மேட்) இதுல நனைஞ்சதும் வெண்ணெய் மாதிரி இளகி மோல்டோட மூலைக்குள்ள எல்லாம் போய் உக்காரும், ஜெல்கோட்டும் அதே குடும்பம்ங்கறதால ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பிணைஞ்சுக்கும். இன்னொரு நல்லது பலர் கவனிக்கறதில்ல: சுருங்கறதாலதான் பார்ட் மோல்ட விட்டு லேசா கழண்டு வருது.

இதுக்குள்ளயே ரெண்டு ஜாதி இருக்கு. கடையில சும்மா "ரெசின் குடுங்க"ன்னு கேட்டா வர்றது பெரும்பாலும் ஆர்த்தோ, அதாவது ஜெனரல் பர்பஸ். இது 60, 70 டிகிரிலயே இளக ஆரம்பிக்கும், தண்ணியும் இத மெதுவா அரிக்கும். ஐசோ இத விட சூடும் தாங்கும் தண்ணியும் தாங்கும், விலை வித்தியாசமும் பெருசா இருக்காது. கார் பாடிக்கு ஆர்த்தோ போட்டு கறுப்பு பெயின்ட் அடிச்சா முதல் கோடை வெயில்லயே மேட்டோட நூல் நூலான தடம் பெயின்ட் வழியா எட்டிப் பாக்கும், அத தேச்சு மறுபடி பட்டி பாத்து பெயின்ட் அடிக்கிற கூலியில ஐசோ டிரம்முக்கான வித்தியாசம் எப்பவோ போயிடும். அதனால நான் ஆர்த்தோவ மோல்டோட வெளித் தாங்கல் ஃபிரேம், டேங்க் மூடி, தோட்டத் தொட்டி இந்த மாதிரி வேலைக்கு மட்டும்தான் சொல்வேன்.

தெரியாம வர்ற செலவு. காத்து பட்ற பக்கம் பாலியெஸ்டர் முழுசா இறுகாது, பிசுபிசுன்னே நிக்கும். கடைசி கோட்டுல வாக்ஸ் கரைசல் கலந்தாதான் தேய்க்க முடியும், அதே வாக்ஸ நடு லேயர்ல கலந்துட்டா அடுத்த லேயர் ஒட்டாம தகடு தகடா பிரியும். நாலஞ்சு லேயர ஒரே மூச்சுல போட்டா உள்ள சூடேறி பார்ட் முறுக்கிக்கும், அதனால ஒரு பானெட்டுக்கே வேலைய ரெண்டு நாளா பிரிக்க வேண்டியிருக்கும், அதுவும் காசுதான். கேட்டலிஸ்ட் கஞ்சத்தனமா போட்டு அரைகுறையா இறுகின பார்ட்ட காருக்குள்ள மாட்டினா, கதவ மூடி வெயில்ல நிறுத்துறப்பல்லாம் ரெசின்ல கலந்திருக்கிற ஸ்டைரின்ங்கற கரைப்பானோட வாடை மாசக்கணக்குல வரும்.

ஜெல்கோட்டு விஷயம் ஒண்ணு இங்கயே சொல்லிடணும். ஈரமா இருக்கும்போது அரை மில்லிக்கு மேல, அதாவது சதுர மீட்டருக்கு 600 கிராம் கிட்ட இருக்கணும். சிக்கனம்னு நினைச்சு மெல்லிசா அடிச்சா, பின்னாடி போடற ரெசின்ல இருக்கிற ஸ்டைரின் அந்த ஜெல்கோட்டுக்குள்ள ஊறி அத உப்ப வைக்கும். மோல்ட விட்டு எடுத்துப் பாத்தா பளபளன்னு இருக்க வேண்டிய இடத்துல யானைத் தோல் மாதிரி சுருக்கம் விழுந்து கிடக்கும், அப்புறம் அத ஒட்டுப் போட்டு சரி பண்றது மறுபடி ஒரு பார்ட் எடுக்கறத விட ஜாஸ்தி வேலை.

எப்ப இதுதான் சரி: மோல்டு வச்சு ஒரே பார்ட்ட திரும்பத் திரும்ப எடுக்கறப்ப, பம்பர், ஃபெண்டர், பானெட், டேஷ்போர்டு மாதிரி கார் வேலை (ஐசோ), வேலை முடிஞ்சதும் கரையில இழுத்துப் போட்டு காயப்போற படகு. படகு வேலைன்னாலே வினைல் எஸ்டர்னு சிலர் பயமுறுத்துவாங்க, தினமும் காஞ்சு போற படகுக்கு நல்ல ஐசோவும் ஒழுங்கான ஜெல்கோட்டும் போதும்.

## வினைல் எஸ்டர்

இதுக்கு சின்ன ஷெட்டுகள்ல மதிப்பு கம்மியாத்தான் இருக்கு, விலையக் கேட்டதும் ஒதுக்கிடறாங்க. ஆனா படகு செய்றவங்க காசு போட வேண்டிய இடம் இதுதான். ஏன்னு புரியணும்னா கொப்புளம் எப்படி வருதுன்னு பாக்கணும்.

ஜெல்கோட் தண்ணிய முழுசா தடுக்காது, மெதுமெதுவா உள்ள விடும். உள்ள போன தண்ணி, அங்க சரியா சேராம மிச்சம் கிடக்கிற கிளைக்காலையும் (ரெசின் செய்ற மூலப்பொருள்ல ஒண்ணு) மேட்ட ஒட்ட வைக்கிற எமல்ஷன் பசையையும் கரைச்சு கெட்டியான ஒரு திரவமா மாறும். கெட்டியா இருக்கிற பக்கத்துக்கு வெளித் தண்ணி இன்னும் இழுக்கும், அழுத்தம் ஏறும், கடைசியில ஜெல்கோட் பொம்முன்னு எழும்பும். அத குத்திப் பாத்தா வினிகர் மாதிரி புளிப்பு வாடையோட பிசுபிசுப்பா தண்ணி வரும், அப்படி வந்தா சந்தேகமே வேணாம். தண்ணி சூடா இருக்க இருக்க இது இன்னும் வேகமா நடக்கும்.

வினைல் எஸ்டரோட மூலக்கூறுல தண்ணி வெட்டக்கூடிய எஸ்டர் இணைப்புங்க கம்மி, இருக்கறதும் ஓரத்துலதான், அதனால தண்ணி இத அவ்வளவு சீக்கிரம் அரிக்க முடியாது. அதோட இது கொஞ்சம் நீண்டு குடுக்கும். சாதா பாலியெஸ்டர் உடையறதுக்கு முன்னாடி 2 சதவீதம் நீளும்னா இது 4லேர்ந்து 6 வரைக்கும் போகும், அலையில அடி வாங்குற அடிப்பாகத்துக்கு இது நல்ல குணம்.

சரி, செலவு எவ்வளவு ஏறும்? கணக்கு போட்டுப் பாருங்க. 20 சதுர மீட்டர் ஹல் (படகோட வெளி உடம்பு), முதல்ல சதுர மீட்டருக்கு 300 கிராம் மேட் ஒரு லேயர், அப்புறம் 450 கிராம் மேட் நாலு லேயர்னு வச்சுக்குவோம். கையால ரோலர் போட்டா மேட் எடைக்கு சுமார் 2.3 மடங்கு ரெசின் குடிக்கும். முதல் லேயருக்கு 14 கிலோ, மத்த நாலுக்கும் சேத்து 83 கிலோ. அந்த 14 கிலோவ மட்டும் வினைல் எஸ்டரா மாத்தினா, அது பாலியெஸ்டர் மாதிரி ரெண்டு மடங்கு விலைன்னே வச்சாலும் ரெசின் பில்லு 14, 15 சதவீதம்தான் ஏறும். மேட், ஜெல்கோட், கூலி எல்லாம் சேத்துப் பாத்தா மொத்தப் படகு விலையில அது இன்னும் கம்மியா தெரியும். முழு ஹல்லையும் வினைல் எஸ்டர்ல செய்றதுல எனக்கு உடன்பாடு இல்ல, தண்ணி முதல்ல சந்திக்கிற லேயர் அதுல இருந்தா பெரும்பாலான வேலை முடிஞ்சுது. அந்த லேயருக்கு எமல்ஷன் மேட்டுக்கு பதிலா பவுடர் மேட் (பவுடர் பசை போட்டது) வாங்குங்க, கரையறதுக்கு பசையே கம்மியா இருக்கும்.

தெரியாம வர்ற செலவு. சீக்கிரம் கெடும், வாங்கி வச்சு ஆர்டருக்கு காத்துக்கிட்டு இருந்தா டிரம்லயே ஜெல் ஆயிடும், அதனால வேலை கையில இருக்கும்போது வேணும்ங்கற அளவு மட்டும் வாங்கணும். சாதா எம்இகேபி கேட்டலிஸ்ட் ஊத்தினா சில வினைல் எஸ்டர் நுரைச்சுக்கும், அந்த குமிழி லேயருக்குள்ளயே மாட்டிக்கும், சப்ளையர் கிட்ட எந்த கேட்டலிஸ்ட்னு கேட்டு அதையே வாங்கணும். முதல் லேயர் நல்லா இறுகாம அவசரப்பட்டு மேல பாலியெஸ்டர் ஏத்துனாலும் பிரயோஜனம் போயிடும்.

எப்ப இதுதான் சரி: வருஷம் முழுக்க தண்ணியிலயே கட்டிக் கிடக்கிற படகு, மீன் வைக்கிற தொட்டி, குடிதண்ணி சேராத கெமிக்கல் தொட்டி, ரேடியேட்டர், எக்ஸாஸ்ட் பக்கத்துல வர்ற கார் பார்ட், அப்புறம் மோல்டு. ஆமா, மோல்டுக்கும் இதுதான். டூலிங் ஜெல்கோட் (மோல்டுக்குன்னே வர்ற ஜெல்கோட்), அதுக்குப் பின்னாடி வினைல் எஸ்டர் லேயர் போட்ட மோல்டு சூடு தாங்கி பல பார்ட் குடுக்கும்.

## எபாக்ஸி

வலிமைன்னு பாத்தா எபாக்ஸிதான் மேல, இதுல சண்டையே இல்ல. ஆனா கேள்வி உங்க ஷெட்டுக்கு அது தேவையாங்கறதுதான்.

இது கண்டிப்பா வேணும்னு சொல்ற இடங்கள முதல்ல பாத்துடுவோம். பிளைவுட் படகு: பாலியெஸ்டர் மரத்துல மேலாக்கதான் ஒட்டும், ரெண்டு மூணு வருஷம் நனைஞ்சு காஞ்ச அப்புறம் ஓரத்துல உளியால நெம்பினா முழு நீளத்துக்கு ஃபைபர் தோல் மாதிரி உரிஞ்சு வந்துடும், அடியில மரம் கறுத்துப் போயிருக்கும். எபாக்ஸி போட்டதுல நெம்பினா மரத்தோட நாரும் சேந்துதான் பிச்சுக்கிட்டு வரும். தெர்மாகோல்: ஸ்டைரின் பட்ட நிமிஷமே தெர்மாகோல் உருகி குழியாயிடும், அதனால தெர்மாகோல்ல வடிவம் வெட்டி அது மேலயே ஒரே ஒரு பார்ட் செய்றதா இருந்தா எபாக்ஸிதான் (பியூ, அதாவது பாலியூரிதேன் ஃபோம்னா பாலியெஸ்டரே தாங்கும், மோல்டே இல்லாம ஒரு பார்ட் செய்றவங்களுக்கு அது மலிவான வழி). பானெட் கீல், சீட் பிராக்கெட் மாதிரி இரும்பத் தகட்டோட சேத்து ஒட்டுறது, கார்பன் ஃபைபர் வேலை, பழைய ஃபைபர் ரிப்பேர், இதெல்லாமும் இதுக்குத்தான். பழைய பாலியெஸ்டர் மேல புது எபாக்ஸி அருமையா புடிக்கும்.

ஆனா அந்த உறவு ஒருவழிப் பாதை. இறுகின எபாக்ஸி மேல பாலியெஸ்டர் ஜெல்கோட் சரியா ஒட்டாது. அதனால எபாக்ஸில ரிப்பேர் பண்ணின இடத்துக்கு பெயின்ட்தான் அடிக்கணும், ஜெல்கோட் கலர் அப்படியே வேணும்னு கஸ்டமர் கேட்டா பாலியெஸ்டர் இல்ல வினைல் எஸ்டர்லயே நல்லா சரிவா தேச்சு, அகலமா லேயர் போட்டு ரிப்பேர் பண்ணுங்க.

தெரியாம வர்ற செலவு. இங்கதான் பட்டியல் நீளும். சாதா சிஎஸ்எம் மேட்டோட பசை ஸ்டைரின்லதான் கரையும், எபாக்ஸில ஸ்டைரினே கிடையாது, மேட் விறைப்பா நின்னு மூலையில தூக்கிக்கும், அதனால நெசவுத் துணியோ தையல் போட்ட துணியோ வாங்கணும், அது விலை ஜாஸ்தி. துணி ரெசினக் கம்மியா குடிக்கும், எடைக்கு எடைன்னு கூட கொண்டு வரலாம், அதுல கொஞ்சம் மிச்சமாகும். ஹார்ட்னர் அளவு தராசு வச்சு நிறுத்துத்தான் ஊத்தணும், சீக்கிரம் இறுகட்டும்னு ரெண்டு சொட்டு ஜாஸ்தி விட்டா வேகமா இறுகாது, பார்ட் ரப்பர் மாதிரி நின்னுடும். ஈரக்காத்து நாள்ல மேல ஒரு மெழுகுப் படலம் வரும், அத தண்ணியும் பச்சை ஸ்கிரப்பரும் போட்டு கழுவித் தொடைக்காம அடுத்த கோட் போட்டா ஒட்டு போச்சு. சுருங்காததால மோல்டுல கவ்விப் புடிச்சுக்கும், வாக்ஸ் ஒரு இடத்துல விட்டுப்போனா மோல்டும் பார்ட்டும் சேந்தே நாசமாகும். வெயில்ல மஞ்சளாகி மாவு மாதிரி உதிரும், அதனால யுவி தாங்குற பெயின்டோ கிளியரோ கட்டாயம்.

சூடு விஷயத்துல நிறைய பேர் ஏமாறுறாங்க. ஷெட்டோட சாதாரண வெப்பத்துல இறுகின எபாக்ஸி 50, 60 டிகிரிலயே இளகத் தொடங்கும். விலை ஜாஸ்தி குடுத்து செஞ்ச கறுப்பு எபாக்ஸி பானெட், நல்ல ஐசோ பானெட்ட விட சீக்கிரம் தடம் காட்டும். இத தவிர்க்கணும்னா பார்ட்ட மோல்டோட வச்சே ரெசினோட வர்ற விவரத் தாள்ல சொன்ன சூட்டுல சொன்ன நேரம் பதப்படுத்தணும், அதுக்கு ஒரு பெட்டி கட்டணும், ஹீட்டர் வேணும், கரண்ட் பில்லு வரும்.

## உடம்பு

ஸ்டைரின் வாடை மூக்குக்கு உடனே தெரியும். அத 2018ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனுஷனுக்கு புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு அதிகம்ங்கற பட்டியலுக்கு ஏத்தியிருக்கு. துணி மாஸ்க், தூசி மாஸ்க் இதுக்கு ஒண்ணும் பண்ணாது, ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் போட்ட மாஸ்க் வேணும், ஷெட்டுல ஒரு பக்கம் காத்து உள்ள வந்து இன்னொரு பக்கம் வெளிய போகணும்.

எபாக்ஸி வாடையே இல்லன்னு வெறும் கையில தொடறாங்க, அது இன்னும் ஆபத்து. ஹார்ட்னர் தோல்ல திரும்பத் திரும்ப பட்டா ஒரு நாள் உடம்பு அத ஏத்துக்காம போயிடும், அரிப்பும் வீக்கமும் வரும், அப்புறம் எபாக்ஸி பக்கமே போக முடியாது, ஆயுசுக்கும் அப்படித்தான். ஒரு தொழில்காரனுக்கு இத விட பெரிய செலவு இல்ல. நைட்ரைல் கிளவுஸ் போடுங்க, கைய அசிட்டோன்ல கழுவாதீங்க.

கோபால்ட்டையும் (பாலியெஸ்டர் இறுகுறத வேகமாக்குற ஆக்சிலரேட்டர்) எம்இகேபி கேட்டலிஸ்ட்டையும் நேரடியா ஒண்ணா ஊத்தினா வெடிச்சு தீப்பிடிக்கும். முதல்ல கோபால்ட்ட ரெசின்ல நல்லா கலக்கி, அப்புறம்தான் கேட்டலிஸ்ட். எம்இகேபி ஒரு சொட்டு கண்ணுல பட்டா பார்வையே போகும், கண்ணாடி இல்லாம அந்த கேன தொறக்கவே கூடாது, பட்டுட்டா யோசிக்காம உடனே 15 நிமிஷமாவது ஓடுற தண்ணியில கழுவிக்கிட்டே இருந்துட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

## இன்னும் குழப்பமா இருந்தா

கார் பாடி மட்டும் செய்றீங்க, மோல்டு இருக்குன்னா ஐசோ பாலியெஸ்டர், வேற யோசனை வேணாம். படகு மட்டும்னா, அது கரை ஏறுமா தண்ணியிலயே நிக்குமான்னு கஸ்டமர் கிட்ட முதல்லயே கேட்டு எழுதி வச்சுக்கங்க, நிக்கும்னா முதல் லேயர் வினைல் எஸ்டர், அத பில்லுல தனி வரியா காட்டுங்க, பெரும்பாலானவங்க புரிஞ்சா குடுத்துடுவாங்க. ரெண்டும் மாறி மாறி வருதுன்னா ஐசோ டிரம் ஒண்ணு, வேலை வரும்போது வினைல் எஸ்டர் சின்ன கேன், ரிப்பேருக்கும் இரும்பு ஒட்டுக்கும் எபாக்ஸி சின்ன செட் ஒண்ணு, இது ஒரு சின்ன ஷெட்டுக்கு நிறைவான ஏற்பாடு. ஒரே ஒரு பார்ட், மோல்டு கட்டுற செலவு நியாயமில்லன்னா எபாக்ஸி விலைய பாத்து பின்வாங்காதீங்க, மோல்டு மிச்சத்துல அது அடிபட்டுடும்.

எத வாங்கினாலும் புது டிரம் தொறந்ததும் பார்ட்ல கை வைக்காம முதல்ல ஒரு அடிக்கு ஒரு அடி சேம்பிள் போடுங்க, அதே மேட், அதே லேயர், அதே அளவு கேட்டலிஸ்ட். மறுநாள் அசிட்டோன் துணியால தொடைங்க, வாக்ஸ் போட்ட பாலியெஸ்டர் பிசுபிசுத்தா இறுகல, கேட்டலிஸ்ட் பழசா இருக்கலாம். ஒரு துண்ட வெட்டி எடை போட்டு, வெட்டவெளியில புகை படாத தூரத்துல எரிச்சு, மிச்சம் நிக்கிற வெள்ளைக் கண்ணாடி நார மறுபடி எடை போடுங்க. சாதா மேட் வேலைன்னா மொத்த எடையில 30 சதவீதம் கிட்ட நார் இருக்கணும். 20க்கு கீழ இருந்தா ரோலர் சரியா ஓடல, ரெசின் தேங்கி நிக்குது. எந்த டிரம் வாங்கினாலும் அந்தப் பார்ட் கனமாத்தான் இருக்கும், சீக்கிரம் வெடிக்கவும் செய்யும்.